உடைத்த கல் ஏன் திரும்ப முளைக்கிறது?

கொளத்தூரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவரும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து மைன்கிராஃப்ட் விளையாடுகிறார்கள். நால்வரில் ஒருவருடைய வீட்டுக் கணினியில் சர்வர், அதாவது நால்வரும் இணையும் பொது உலகை நடத்தும் நிரல், ஓடுகிறது. கேள்வி கேட்டவர் ஒரு கல்லை உடைத்தால் அது மறைகிறது, சற்று நேரத்தில் அதே இடத்தில் மறுபடி தோன்றுகிறது, சில வேளைகளில் யாரும் தொடாமலே இன்னொரு முறை மறைகிறது. "எங்கள் வீட்டில் 300 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. அப்படியும் ஏன் லேக்?" என்று கேட்கிறார். லேக் என்பது விளையாட்டு இப்படித் தாமதித்துத் தடுமாறுவது. விடையில் அந்த 300 என்ற எண்ணுக்கு வேலையே இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி.

மைன்கிராஃப்டைப் பற்றி நீண்ட அறிமுகம் தேவைப்படாது. சுவீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009இல் பொதுவெளியில் விட்ட இந்த விளையாட்டு, 2011இல் முழுப் பதிப்பாக வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் அதன் நிறுவனமான மொஜாங்கை 250 கோடி டாலருக்கு வாங்கியது. கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கான சர்வர் நிரலை மொஜாங்கே இலவசமாகத் தருகிறது. அதை ஒரு முறை இயக்கி, உடன் உருவாகும் உரிமக் கோப்பில் சம்மதத்தைப் பதிந்து, மறுமுறை இயக்கினால் 25565 என்ற போர்ட்டில் (கணினிக்குள் செய்திகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) சர்வர் காத்திருக்கத் தொடங்கும். சர்வரின் பதிப்பு எண்ணும் விளையாடுபவர்களின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கைப்பேசியில் இருக்கும் பெட்ராக் பதிப்பு வேறு மொழி பேசுவது, ஆகவே இந்த சர்வரில் அது நேரடியாகச் சேராது. தெரியாதவர் நுழையாமலிருக்க, அனுமதிக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலை முதல் நாளே இயக்கிவிடுவது நல்லது.

நண்பர்கள் அனைவரும் ஒரே வைஃபையில் இருந்தால் இத்துடன் வேலை முடிந்தது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். சென்னையில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். இணையத்தில் கணினிகளுக்கு முகவரி தரும் பழைய முறையான ஐபிவி4இல் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான் உண்டு என்பதால், இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைக்கின்றன. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்கள் வீடும் அந்த அடுக்கில் இருக்கிறது என்று பொருள். ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. புதிய முறையான ஐபிவி6 முகவரியைப் பயன்படுத்துவது, நிறுவனத்திடம் கட்டணம் செலுத்தி நிலையான முகவரி பெறுவது, வாடகை சர்வர் எடுப்பது ஆகியவை மாற்று வழிகள். கொளத்தூர் மாணவரின் நண்பர்கள் இந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார்கள், ஆகவே நாமும் கடப்போம்.

சர்வர் ஒரு விநாடியை இருபது துண்டுகளாக வெட்டி வேலை செய்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் 'டிக்' என்று பெயர். அதன் நீளம் 50 மில்லி விநாடி. அந்த 50 மில்லி விநாடிக்குள் எல்லா விளையாட்டாளர்களிடமிருந்தும் வந்த செய்திகளைப் படித்து, ஆடுமாடுகளையும் ஜோம்பிகளையும் ஓரடி நகர்த்தி, பயிரை வளர்த்து, தண்ணீரை ஓடவிட்டு, மாறியவற்றை அனைவருக்கும் சொல்லி முடித்துவிட வேண்டும். விளையாட்டின் ஒரு முழு நாள் என்பது 24,000 டிக், அதாவது நமது கடிகாரத்தில் 20 நிமிடம். ஒருவர் முந்நூறு கோழிகளை ஒரே கூண்டில் அடைத்து, அதனால் ஒரு டிக்குக்கு 100 மில்லி விநாடி பிடித்தால், விநாடிக்குப் பத்து டிக்தான் நடக்கும். சூரியன் மறைந்து திரும்பி வர 40 நிமிடம் ஆகும். உலகத்தின் காலமே பாதி வேகத்தில் நகர்கிறது. ஆனால் உங்கள் கணினியில் ஓடும் விளையாட்டுக்கு இது தெரியாது, அது தன் போக்கில் விநாடிக்கு இருபது டிக் என்றே எண்ணிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு கடிகாரங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கல்லுக்கு வருவோம். சுட்டியை அழுத்தியவுடன் உங்கள் கணினி 'இந்தக் கல்லை வெட்டத் தொடங்கிவிட்டேன்' என்று ஒரு செய்தியை அனுப்புகிறது. மரத்தாலான பிக்காக்ஸால் (கல் வெட்டும் கருவி) ஒரு கல்லை உடைக்க 23 டிக், அதாவது 1.15 விநாடி ஆகும். உங்கள் கணினி 23 வரை எண்ணி முடித்ததும், 'வெட்டி முடித்தேன்' என்று இரண்டாவது செய்தியை அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கல்லைத் திரையிலிருந்து எடுத்துவிடுகிறது. சர்வர் ஒப்புக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்யும் முன்னூகம் இது. இந்த உத்தி இல்லையென்றால் ஒவ்வோர் அசைவும் சர்வருக்குப் போய்த் திரும்பும்வரை உறைந்து நிற்கும், யாரும் பத்து நிமிடம்கூட விளையாட மாட்டார்கள். 1996இல் ஜான் கார்மாக் குவேக் விளையாட்டின் இணையப் பதிப்பான குவேக்வேர்ல்டில் இதைச் செய்து காட்டியது முதல், பலர் சேர்ந்து ஆடும் வேக விளையாட்டுகளில் இது ஏறத்தாழ எழுதப்படாத சட்டம்.

முன்னூகம் செய்ய அனுமதி உண்டு, தீர்ப்புச் சொல்லும் உரிமை கிடையாது. உங்கள் கணினி சொல்வதை அப்படியே நம்பினால், நிரலைத் திருத்திய ஒருவன் 'தொடங்கினேன், முடித்தேன்' என்று அடுத்தடுத்துச் சொல்லி ஒரு மலையையே கரைத்துவிடுவான். மளிகைக் கடையில் வீட்டுக்காரர் ஒரு நோட்டிலும் கடைக்காரர் ஒரு நோட்டிலும் கடன் கணக்கு எழுதி, மாதக் கடைசியில் கடைக்காரர் நோட்டே செல்லும் என்பது போல, சர்வரும் தனியாகக் கணக்கு வைக்கிறது. முதல் செய்தி வந்த டிக்கைக் குறித்துக்கொள்கிறது. இரண்டாவது செய்தி வரும்போது இடையில் எத்தனை டிக் கடந்திருக்கின்றன என்று பார்க்கிறது. இங்கேதான் அந்த நிரலை எழுதியவர்களின் அனுபவம் தெரிகிறது. முழு 23 டிக்கும் ஆகியிருக்க வேண்டும் என்று சர்வர் பிடிவாதம் பிடிப்பதில்லை. பத்தில் ஏழு பங்கு வேலை முடிந்திருந்தால் போதும், அதாவது ஏறத்தாழ 16 டிக் கடந்திருந்தால், சரி என்று கல்லை எடுத்துவிடுகிறது. இணையத்தில் செய்திகள் சற்று முன்பின்னாக வருவது இயல்பு என்பதை அறிந்து, அதற்காக ஏழு டிக் வரை விட்டுக்கொடுக்கிறார்கள். ஏமாற்ற நினைப்பவனுக்கும் அந்த ஏழு டிக்குக்கு மேல் லாபம் கிடைப்பதில்லை.

பத்தில் ஏழு பங்குகூட ஆகவில்லை என்றால் சர்வர் கோபித்துக்கொண்டு மறுத்துவிடுவதும் இல்லை. 'முடித்தேன் என்கிறாய், என் கணக்கில் இன்னும் முடியவில்லை, மீதியை நானே எண்ணி உடைத்துக்கொள்கிறேன்' என்று அந்தக் கல்லை நிலுவையில் வைக்கிறது. இதற்கிடையே உங்கள் கணினிக்கு ஓர் ஒப்புகை போகிறது. 1.19 பதிப்பு முதல் இதுபோன்ற ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. 'இந்த எண் வரை நீ அனுப்பியவற்றைப் பார்த்துவிட்டேன்' என்று சர்வர் சொன்னதும், அதுவரை செய்த முன்னூகங்களைக் கைவிட்டு, சர்வரிடம் என்ன இருக்கிறதோ அதையே திரையில் காட்ட வேண்டும். சர்வரிடம் கல் இன்னும் இருக்கிறது. ஆகவே கல் திரும்ப முளைக்கிறது. சற்று நேரத்தில் சர்வரின் எண்ணிக்கை 23ஐத் தொட்டவுடன் கல் உண்மையிலேயே உடைகிறது, அது யாரும் தொடாமல் மறைவதாக உங்களுக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் சர்வரின் எண்ணிக்கை எப்போது 16ஐ விடக் குறையும்? முதற்காரணம் கோழிக்கூண்டு. விநாடிக்குப் பத்து டிக் மட்டுமே நடக்கும் சர்வரில், உங்கள் 1.15 விநாடிக்குள் பதினொன்று அல்லது பன்னிரண்டு டிக்தான் கடந்திருக்கும். சர்வரை நடத்துபவர் டிக் நிலவரத்தைக் கேட்கும் கட்டளையை இட்டுப் பார்த்தால் (1.20.3 பதிப்பிலிருந்து இது உண்டு), ஒரு டிக்குக்குச் சராசரியாக எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று தெரியும். 50ஐத் தாண்டினால் கோழிகளைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. தூரம் காரணமாக இருக்கும் என்று பலரும் நினைப்பார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் செல்லும் ஐ2ஐ கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர், ஆகவே போய்வர 32 மில்லி விநாடி கட்டாயம் ஆகும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு செய்திகளும் ஒரே அளவு தாமதமானால், அவற்றுக்கு இடைப்பட்ட நேரம் மாறுவதே இல்லை. சர்வர் அளப்பது அந்த இடைவெளியைத்தான். சிங்கப்பூர் என்ன, சிகாகோவிலேயே சர்வர் இருந்தாலும், தாமதம் சீராக இருக்கும்வரை கல் ஒழுங்காக உடையும்.

கெடுப்பது சீரின்மை. ஜாவா பதிப்பு டிசிபி முறையில் பேசுகிறது. அனுப்பிய வரிசையிலேயே ஒப்படைப்பேன் என்பது டிசிபியின் சத்தியம். முதல் செய்தி வழியில் தொலைந்தால், அதை மறுபடி அனுப்பி வாங்கும்வரை, பின்னால் பத்திரமாக வந்து சேர்ந்த செய்திகளும் கதவுக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. பிறகு எல்லாம் ஒரே கொத்தாக உள்ளே நுழைகின்றன. 'தொடங்கினேன்', 'முடித்தேன்' இரண்டும் ஒரே டிக்கில் சர்வரை அடைந்தால், அதன் கணக்கில் ஒரு டிக் வேலைகூட நடந்திருக்காது. மாணவர் வீட்டில் இது எங்கே நடக்கிறது என்று ஊகிப்பது கடினமல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றே; அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் அந்த மூன்றுக்காக முட்டிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை மேகக்கணிமையில் ஏற்றத் தொடங்கினால், ரவுட்டரின் வரிசையில் அந்த வீடியோவின் ஆயிரக்கணக்கான தரவுப் பொட்டலங்கள் நிற்க, கல்லைப் பற்றிய சின்னஞ்சிறு செய்தி அவற்றின் வாலில் போய் நிற்கிறது. கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் இணைத்தாலே பாதி நோய் தீரும்.

300 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எவ்வளவு தரவு போகலாம் என்ற அளவு மட்டுமே. சீராகப் போகுமா என்பது அதில் இல்லை. எம்பிபிஎஸ் கூடினால் லேக் குறையும் என்பதை நவீன மூடநம்பிக்கை என்றே சொல்வேன். இந்த விளையாட்டில் ஹீரோப்ரைன் என்றொரு பேய் உலவுவதாக 2010இல் யாரோ கிளப்பிய புரளியை இன்றும் நம்பும் குழந்தைகள் உண்டு. ஹீரோப்ரைனை நீக்கிவிட்டோம் என்று புதிய பதிப்புகளின் குறிப்பில் மொஜாங் கிண்டலாக எழுதியதையே சாட்சியாகக் காட்டுவார்கள். அந்தப் பேயாவது பணம் கேட்பதில்லை. ரவுட்டர் வரிசையை ஒழுங்குபடுத்தும் கோடெல் என்ற வழிமுறையை கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்டு, அது லினக்ஸில் இலவசமாகவும் கிடைக்கிறது. இருந்தும் மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் அது இயங்குவதில்லை. இத்தகைய அடிப்படை வேலைக்கு நம் பொறியியல் கல்லூரிகளில் பணம் ஒதுக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள், செயற்கை நுண்ணறிவு என்ற சொல் தலைப்பில் இருந்தால் கையெழுத்திடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இவற்றுக்கெல்லாம் முன்பு, மாணவர் சரிபார்க்க வேண்டியது ஒன்று உண்டு. உலகம் தொடங்கும் புள்ளியைச் சுற்றி 16 பிளாக் தூரத்துக்கு, நிர்வாகி அல்லாதவர் எதையும் உடைக்க முடியாதபடி ஒரு பாதுகாப்பு இயல்பாகவே இயங்குகிறது. அந்த 33க்கு 33 சதுரத்துக்குள் உடைத்த கல் ஒவ்வொரு முறையும் திரும்பி வரும், ஒருபோதும் தானாக மறையாது. சர்வரின் அமைப்புக் கோப்பில் அந்த எண்ணைச் சுழியமாக்கினால் சரியாகிவிடும். எப்போதோ திரும்பி வந்து தானே மறையும் கல்தான் மேலே சொன்ன கணக்கைச் சேர்ந்தது.

தூரத்தை நிரபராதி என்று விடுவித்தேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது குற்றவாளி. இருவர் ஒரே வைரப் பாறையை ஒரே வகைக் கருவியால் ஒரே கணத்தில் வெட்டத் தொடங்கினால், யாருடைய 'முடித்தேன்' முதலில் சர்வரை அடைகிறதோ அவரே உடைத்தவர். மற்றவர் திரையிலும் பாறை உடைந்ததாகவே தெரியும், ஆனால் அவருடைய செய்தி வரும்போது அங்கே உடைக்க எதுவும் இருக்காது. சர்வர் எவர் வீட்டுக் கணினியில் ஓடுகிறதோ, அதே கணினியில் விளையாடும் அந்த நண்பரின் செய்தி இணையத்தில் கால் வைப்பதே இல்லை. அந்தக் கூட்டத்தில் சம வேகத்தில் நடக்கும் எல்லாப் போட்டிகளிலும் அவரே வெல்வார், அதனால்தான் போட்டி நடத்துபவர்கள் ஆடுபவர் எவருக்கும் சொந்தமில்லாத ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்கிறார்கள்.