ஓல்டனேட்டர் எனும் ஆடலோட்டப் பிறப்பாக்கி

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ‘ஓல்டனேட்டர்’ என்று கேட்டாலும் சரி, பழைய பழக்கத்தில் ‘டைனமோ’ என்று கேட்டாலும் சரி, கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் ஒரே பொருளைத்தான்: எஞ்சின் சுற்றும்போது மின் பிறப்பித்துப் பற்றரிக்கு ஏற்றும் இயந்திரம். காருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் இரத்மலானை விமான நிலையத்திலிருந்து பறக்கும் சிறு விமானம் ஒன்றில் பற்றரி சார்ஜ் ஏறவில்லை என்று காரணம் தேடப் போனால், இரண்டும் வேறு வேறு இயந்திரங்கள் என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் பழுதாகும் விதம் ஒன்றல்ல.

லத்தீனில் ‘ஆல்டர்’ என்றால் இரண்டில் மற்றையது. அதிலிருந்து வந்த வினை, ஒன்றை விட்டு ஒன்றாக மாறி மாறிச் செய்வதைக் குறிக்கும். அதன் வழிவந்த ஆல்டர்னேட்டர் (நம் வாயில் ஓல்டனேட்டர்), மின்னோட்டத்தைத் திசை மாறி மாறி ஓடவைக்கும் இயந்திரம். டைனமோவின் வேர் கிரேக்கம். ‘டூனமிஸ்’ என்றால் ஆற்றல். வெர்னர் சீமென்ஸ் 1867இல் தன் இயந்திரத்துக்கு வைத்த நீண்ட பெயரின் முன்பாதி மட்டும் உலகில் நிலைத்துவிட்டது.

தமிழுக்கு வருவோம். மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தை இலங்கைப் பாடநூல்கள் ‘ஆடலோட்டம்’ என்கின்றன, ஒரே திசையில் ஓடுவதை ‘நேரோட்டம்’ என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவை மாறுதிசை மின்னோட்டம், நேர்த்திசை மின்னோட்டம். எனக்கு நம்முடையதுதான் பிடிக்கும். ஊஞ்சல் போவதும் வருவதும் ‘ஆடல்’தானே; அந்த ஒரு சொல்லிலேயே இயக்கம் கண்முன் வந்துவிடுகிறது. பிறப்பாக்கி என்பதும் நமக்குப் புதிதல்ல. நுரைச்சோலை மின்நிலையத்தில் ஒன்று நின்றுபோனால் மறுநாள் பத்திரிகையில் ‘மின்பிறப்பாக்கி செயலிழப்பு’ என்று வரும். இரண்டையும் சேர்த்தால் ஆடலோட்டப் பிறப்பாக்கி.

இங்கே ஒரு கேள்வி எழும். விமானத்தின் பற்றரியும் ரேடியோவும் விளக்கும் நேரோட்டத்தில்தானே வேலை செய்கின்றன, பிறகு ஏன் ‘ஆடலோட்டம்’? உள்ளே பிறப்பது ஆடலோட்டமே. மூன்று கட்டமாகப் (திரீ பேஸ்) பிறக்கும் அதை, வழக்கமாக ஆறு இருவாயிகள் (டையோடு என்று சொன்னால் கடையில் உடனே புரியும்) சீராக்கி நேரோட்டமாக வெளியே விடுகின்றன. டைனமோவின் சுருளிலும் மின்னோட்டம் திசை மாறித்தான் பிறக்கிறது. ஆனால் அங்கே அச்சோடு சுழலும் பிளவுபட்ட வளையமே அதை ஒரு திசைப்படுத்திவிடும், இருவாயி தேவையில்லை. சிலிக்கன் இருவாயிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 1960களில்தான் கார்களிலும் சிறு விமானங்களிலும் டைனமோவின் இடத்தை ஆடலோட்டப் பிறப்பாக்கி பிடித்தது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதும் ஓரளவு மின் தரும் என்பது இதன் பெரிய ஆதாயம்.

ஆறு இருவாயிகளில் ஒன்று போனாலும் மின் வந்துகொண்டிருக்கும். ஆனால் அளவு குறைந்து, அலைபாய்ந்து வரும். விமானியின் ஹெட்செட்டில், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு சீழ்க்கைச் சத்தம் கேட்கும். ரேடியோவைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் ஆடலோட்டத்தை நினைக்க வேண்டிய இடம் இது.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். டைனமோவின் இரும்பில் எஞ்சியிருக்கும் சிறு காந்தம் அதைத் தானாகவே எழுப்பிவிடும். ஆடலோட்டப் பிறப்பாக்கிக்கு அது பெரும்பாலும் போதாது; அதன் புலச்சுருளுக்குப் பற்றரியிலிருந்து சிறிது மின் போனால்தான் காந்தப்புலம் உண்டாகும். பற்றரி முற்றாகச் செத்த விமானத்தை விசிறியை (புரொப்பெலர்) கையால் சுழற்றி இயக்கினால் எஞ்சின் ஓடும், ஏனென்றால் தீப்பொறி தருவது மேக்னெட்டோ, அதற்குப் பற்றரி தேவையில்லை. ஆனால் சார்ஜ் ஏறாது. ‘எஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று அந்த நிலையில் கிளம்புவதுதான் ஆபத்து.

அதனால் சார்ஜ் ஏறாவிட்டால் முதலில் தேட வேண்டியது புலச்சுற்றை, அதாவது புலச்சுருளுக்கு மின் கொண்டுபோகும் வழியை. பற்றரி நல்ல நிலையில் இருக்க, எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரதான சுவிட்சின் இரு பாதிகளையும் போட்டு, பிறப்பாக்கியின் புல முனையில் வோல்ட் பார்க்க வேண்டும். பல செஸ்னாக்களில் அந்தச் சிவப்புச் சுவிட்சின் இடப்பாதி பிறப்பாக்கிக்கு, வலப்பாதி பற்றரிக்கு. புல முனையில் பற்றரியின் அளவுக்குக் கிட்டத்தட்ட வோல்ட் இருந்தும் மின் பிறக்கவில்லை என்றால் குற்றம் இயந்திரத்துக்குள்: தேய்ந்த கார்பன் பிறஸ், அறுந்த சுருள். அங்கே வோல்டே வரவில்லை என்றால் இயந்திரத்தைக் கழற்றுவது வீண்வேலை. வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், புலச்சுற்றின் பிரேக்கர், சுவிட்ச், விரல் பட்டாலே கழன்றுவரும் ஒரு வயர் முனை, இவற்றில் ஒன்றுதான். சுவிட்சின் தொடுமுனை அழுக்கேறினால் அம்பியர்மானியின் முள் நடுங்கிக்கொண்டே இருக்கும். வார்ப்பட்டி தளர்ந்திருக்கிறதா என்பதை இதற்கெல்லாம் முன்பே கண்ணால் பார்த்துவிடலாம். இதையெல்லாம் உரிமம் பெற்ற பொறியியலாளரை வைத்துத்தான் செய்ய வேண்டும். விசிறி எப்போது வேண்டுமானாலும் சுழலக்கூடும் என்ற எண்ணத்தோடு எட்டியே நிற்க வேண்டும்.

அம்பியர்மானியும் ஆளை ஏமாற்றும். சில விமானங்களில் பூச்சியம் நடுவில் இருக்கும். பற்றரிக்கு மின் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது சொல்லும், அங்கே முள் நடுவில் நிற்பது நல்ல செய்தி. வேறு சிலவற்றில் அது பிறப்பாக்கி தரும் மின்னைக் காட்டும். அங்கே பூச்சியம் என்றால் பிறப்பாக்கி போய்விட்டது. வோல்ட்டைப் பார்ப்பதே நம்பகம். 12 வோல்ட் பற்றரிக்கு 14 அளவிலும், 24 வோல்ட் பற்றரிக்கு 28 அளவிலும் வர வேண்டும். முறையே சுமார் 16, 32 வோல்ட்டைத் தாண்டினால் மிகை மின்னழுத்தப் பாதுகாப்பு புலச்சுற்றைத் துண்டித்துவிடும். வானில் அப்படி நடந்தால் பிறப்பாக்கிச் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம். மறுபடியும் துண்டித்தால் தேவையற்றதையெல்லாம் அணைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

சரி, எழுதும்போது எதை எழுதுவது? ‘மின்னாக்கி’ என்பது பொதுப்பெயர், டைனமோவும் அதில் அடங்கிவிடும். ‘மாற்றி’ என்று முடிவதைத் தொடவே வேண்டாம். தமிழ்நாட்டில் மின்மாற்றி, நம் பாடநூலில் நிலைமாற்றி, இரண்டும் டிரான்ஸ்போமர். ஆடலோட்டப் பிறப்பாக்கி என்று முதலில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் வெறும் ‘பிறப்பாக்கி’ என்று தொடரலாம். பஞ்சிகாவத்தையில் மட்டும் ஓல்டனேட்டர் என்றே கேளுங்கள்.