தண்ணீரோடு ஓடிய ஒளி

1851-இல் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபிஸோ ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். குழாய்களில் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் தண்ணீரை ஓடவிட்டு, அதன் போக்கிலும் எதிர்ப்போக்கிலும் ஒளியை அனுப்பினார். ஓடும் தண்ணீர் ஒளியை முழுதாக இழுத்துப் போனால் ஒளியின் வேகத்தில் 7 மீட்டர் கூட வேண்டும். இழுக்கவே இல்லையென்றால் வேகம் சிறிதும் ஏறாது. கிடைத்ததோ இரண்டுங்கெட்டானாக ஏறக்குறைய 3 மீட்டர்!

இந்த விடையை இன்னொரு பிரெஞ்சு அறிவியலாளர் ஃப்ரெனெல் 1818-லேயே சூத்திரமாக எழுதி வைத்திருந்தார். ஒளி ஈதர் என்ற ஊடகத்தில் பரவுகிறது, தண்ணீர் அந்த ஈதரில் கொஞ்சத்தை மட்டும் இழுத்துச் செல்கிறது என்பது அவர் சொன்ன காரணம். விடை சரிதான், காரணம்தான் கொஞ்சம் இடித்தது.

இதை அப்படியே வைத்துவிட்டு கலிலியோவிடம் போவோம். 1632-இல் வெளிவந்த நூலில் அவர் ஒரு கப்பலைக் காட்டுகிறார். ஜன்னல் இல்லாத உள்ளறையில் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன, பாத்திரத்திலிருந்து நீர் சொட்டுகிறது. கப்பல் ஆடாமல் சீராகப் போனால், இவற்றை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது நிற்கிறதா ஓடுகிறதா என்று சொல்ல முடியாது. சார்பியலின் முதல் விதி இதுதான். ஐன்ஸ்டைன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது.

நியூட்டனுக்கும் இதில் தகராறு இல்லை. 60 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயிலுக்குள் 5 கி.மீ. வேகத்தில் முன்னால் நடந்தால், வெளியே நிற்பவருக்கு உங்கள் வேகம் 65. சின்னக் குழந்தையின் கணக்கு.

வம்பு இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லால் வந்தது. 1860-களில் அவர் மின்சாரத்தையும் காந்தத்தையும் சமன்பாடுகளில் இணைத்தபோது, ஒளியின் வேகம் தானாக வந்து விழுந்தது: வெற்றிடத்தில் நொடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ. சரி, யாரைப் பொறுத்து இந்த வேகம்? சமன்பாடுகள் சொல்லவில்லை. ஈதரைப் பொறுத்து என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பூமி அந்த ஈதருக்குள் ஓடும் அடையாளத்தை 1887-இல் மைக்கேல்சன், மார்லி என்ற இரு அறிவியலாளர்கள் தேடிப் பார்த்தார்கள், அகப்படவில்லை. இயற்பியலாளர் லாரன்ஸ் ஈதரைக் கைவிட மனமில்லாமல், அது அகப்படாததற்குக் காரணம் சொல்ல, ஓடும் பொருளின் நீளத்தையும் நேரத்தையும் மாற்றும் சூத்திரங்களை எழுதினார்.

1905-இல் ஐன்ஸ்டைன் கலிலியோவின் விதியையும் மேக்ஸ்வெல்லின் வேகத்தையும் அப்படியே வைத்துக்கொண்டார்; அந்த வேகம் யாரைப் பொறுத்தும் ஒன்றே என்றார். கைவிட்டது ஈதரையும், எல்லோருக்கும் ஒரே கடிகாரம் என்ற நியூட்டனின் எண்ணத்தையும்தான். லாரன்ஸின் சூத்திரங்கள் இதிலிருந்தே வந்துவிட்டன. ஆனால் வேகங்களைக் கூட்டும் முறை மாறியது. இரு வேகங்களின் பெருக்குத்தொகையை வெற்றிட ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்து, 1 சேர்த்து, அந்த எண்ணால் பழைய கூட்டுத்தொகையை வகுக்க வேண்டும். நம் ரயில் கணக்கில் இதனால் ஏற்படும் வித்தியாசம், ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் ஓர் அணுவின் அகலம்கூட வராது. பள்ளியில் நியூட்டனைப் படித்தது வீண்போகவில்லை.

ஒளி விஷயம் வேறு. தண்ணீரில் அதன் வேகம் நொடிக்கு சுமார் 2,25,000 கி.மீ. அதோடு 7 மீட்டரைப் புதிய முறையில் கூட்டினால், கூடுவது ஏறக்குறைய 3 மீட்டர். 1907-இல் இயற்பியலாளர் லாவே இதைக் கணக்கிட்டுக் காட்டியபோது ஃப்ரெனெலின் அதே சூத்திரம் வந்தது, இம்முறை ஈதரை யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.