செப்சிஸ்: சொல்லும் அதற்கான கூட்டு மருந்தும்

மதுரைப் பக்கம் 'புண்ணு செப்டிக் ஆயிருச்சு' என்பது எல்லா வீட்டிலும் புழங்கும் பேச்சு. மண்வெட்டி பட்ட காலில் சீழ் வைத்தாலும் செப்டிக்தான், சர்க்கரை நோயாளியின் பாதப் புண் ஆறாமல் போனாலும் செப்டிக்தான். ஆனால் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் மருத்துவர் 'செப்சிஸ்' என்றால், அது உயிருக்கே ஆபத்தான நிலை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், பொருள்தான் வெகுதூரம் விலகிவிட்டது.

பழைய கிரேக்கத்தில் செப்சிஸ் என்றால் அழுகல். செப்டிக் டேங்க், ஆன்டிசெப்டிக் எல்லாம் அந்த வேரில் வந்தவை. அழுகலுக்குக் காரணம் கிருமிகள் என்று 19ஆம் நூற்றாண்டில் தெரிந்தபின், கிருமி ரத்தத்தில் பரவுவது என்ற பொருள் ஏறியது. 2016இல் வெளியான சர்வதேச வரையறை அதையும் மாற்றியது. தொற்றை எதிர்க்கும் உடலின் எதிர்வினை கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்வதுதான் இப்போது செப்சிஸ். ரத்தப் பரிசோதனையில் கிருமி எதுவும் அகப்படாமலே செப்சிஸ் வரலாம். 2017இல் மட்டும் உலகில் சுமார் 1.1 கோடி மரணங்கள் இதனோடு தொடர்புடையவை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

தமிழில் 'குருதி நச்சு' என்றும் 'சீழ்ப்பிடிப்பு' என்றும் எழுதுகிறார்கள். பேச்சில் 'ரத்தத்துல விஷம் ஏறிருச்சு'. எனக்கு இவை எதுவும் சரியாகப் படவில்லை. சீழ்ப்பிடிப்பு புண்ணோடு நின்றுவிடுகிறது. விஷம் என்று சொன்னாலோ, முறிவு மருந்து ஒன்று இருக்கும், போட்டால் இறங்கிவிடும் என்று மனசு எதிர்பார்க்கும். 'தொற்றுச் சீர்குலைவு' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. காரணமும் விளைவும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

விஷம் என்ற எண்ணத்தை விட்டால்தான், நோயாளிக்கு ஏன் இரண்டு மூன்று ஆன்டிபயாடிக் ஏறுகிறது என்பது புரியும். ஆன்டிபயாடிக்கை நுண்ணுயிர்க்கொல்லி என்பதைவிட நுண்ணுயிர் எதிர்ப்பி என்பதே பொருத்தம். சில மருந்துகள் கிருமியைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கின்றன, அவ்வளவுதான். செப்சிஸால் ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் 1 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். கல்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, முடிந்தவரை முதலில் ரத்தம் எடுத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். ஆனால் முடிவு வர 2, 3 நாள்கூட ஆகும். அதுவரை எதிரி யாரென்று தெரியாது. கிராம் என்ற சாயச் சோதனையில் கிருமிகளை கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். இரண்டுக்கும் சுவர் அமைப்பே வேறு. அதனால் முதல் வகைக்கு வான்கோமைசின், இரண்டாவதற்கு மெரோபெனம் என்று சேர்த்துக் கொடுக்க நேரும். ஆஸ்பத்திரிகளில் மருந்துக்குக் கேட்காத கிருமிகள் பெருகிவிட்டதும் ஒரு காரணம்.

சில சமயம் ஒரு மருந்து இன்னொன்றுக்கு வழி திறந்துவிடுகிறது. இதய வால்வில் என்டெரோகாக்கஸ் என்ற கிருமி பற்றினால், பெனிசிலின் வகை மருந்து கிருமியின் சுவரைச் சிதைக்கும், ஜென்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் அதன்வழி உள்ளே நுழையும். ஆனால் ஜென்டாமைசினுக்குச் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும் குணம் உண்டு. கூட்டு என்றாலே பலம் என்றும் நினைக்கக் கூடாது. மெரோபெனம் சேர்ந்த கார்பபெனம் வகை மருந்துகளுக்குக் கேட்காத கிருமிகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தனியாகவும், மெரோபெனத்தோடு சேர்த்தும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. கூட்டுக்குத் தெளிவான மேன்மை எதுவும் அதில் தெரியவில்லை.

கூட்டு மருந்து நமக்குப் புதிதல்ல. தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரியை அறிந்தவர்களுக்கு ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் பெயர்கள் பழக்கம். அங்கே பல மருந்து சேர்வது, கிருமி எதிர்ப்பு பழகிவிடாமல் இருக்க. அது மாதக்கணக்கில் ஓடும். செப்சிஸில் கூட்டு பெரும்பாலும் சில நாள்தான்.

கல்சர் ரிப்போர்ட் வந்ததும் பல நேரம் ஒரே மருந்துக்கு இறங்கிவிடுவார்கள். அப்போதுதான் வெளியே காத்திருக்கும் உறவினர்கள் பதறிப்போகிறார்கள், கைவிட்டுவிட்டார்களோ என்று. அப்படியில்லை, கிருமி அடையாளம் தெரிந்துவிட்டது, தேவையில்லாததை நிறுத்துகிறார்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: 'கல்சர்ல என்ன கிருமி வந்திருக்கு டாக்டர், எந்த மருந்துக்குக் கேட்குதாம்?'