கருக்குழாயில் விழும் வடு

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டினாலே, "என்னம்மா, ஏதாவது விசேஷமா?" என்ற கேள்வி மருமகளைத்தான் துரத்தும். படவேட்டு அம்மனுக்கு வேண்டுதல், அப்புறம் ஸ்கேன், பிறகு கருமுட்டை கருப்பைக்கு வரும் பாதையான கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே. அதில் ‘குழாய் அடைப்பு’ என்று வந்துவிட்டால் பழியும் அவள் தலையில்தான். இந்த அடைப்புக்குக் காசநோய் உட்படப் பல காரணங்கள் உண்டு. கிளமீடியா என்ற பால்வினைத் தொற்றும் அவற்றில் முக்கியமானது. கணவனிடமிருந்தே மனைவிக்கு வந்திருக்கலாம், அவனுக்கும் அது தெரியாமலே.

இந்தப் பாக்டீரியாவால் தனியாகப் பெருக முடியாது. கருப்பை வாயிலுள்ள செல்லுக்குள் புகுந்து பெருகி, 2, 3 நாட்களில் வெளியேறி அடுத்த செல்களைப் பிடிக்கும். பெரும்பாலான பெண்களுக்கு வலியோ காய்ச்சலோ இருக்காது. சிலருக்கு வெள்ளைப்படும், சிறுநீர் எரியும், உறவுக்குப் பின் ரத்தம் கசியும். உடம்புச் சூடு என்று மோர் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். அப்படி விடுவதில்தான் ஆபத்து.

சிகிச்சை எடுக்காத 100 பெண்களில் சுமார் 10 முதல் 15 பேருக்குத் தொற்று கருப்பையைத் தாண்டிக் கருக்குழாய் வரை ஏறி அழற்சியை உண்டாக்குகிறது. அந்தக் குழாயின் நீளம் 10 செ.மீ. அளவுதான், குறுகலான இடத்தில் உள்துளை 1 மி.மீ. இருந்தாலே அதிகம். உள்சுவரில் உள்ள நுண்ணிழைகள் காற்றில் சாயும் நெற்பயிர் போல ஒரே திசையில் அசைந்து கருவைக் கருப்பைக்கு நகர்த்துகின்றன. கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையில் அந்த இழைகள் அழிந்து, புண் ஆறிய இடம் தழும்பாகிறது. குழாயை இறுக்குவது பெரும்பாலும் கிருமி அல்ல, இந்தத் தழும்புதான். இரண்டு பக்கக் குழாயும் முழுதாக அடைத்தால் இயல்பாகக் கரு உருவாகவே வழியில்லை. பாதி அடைத்தால் இன்னும் மோசம்: விந்தணு நுழைந்துவிடும், வளரும் கரு கருப்பைக்குப் போக முடியாமல் குழாயிலேயே தங்கிவிடலாம். குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. மாதவிலக்குத் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரை கிருமியைக் கொல்லும், விழுந்த வடுவை அழிக்காது.

கர்ப்ப காலத்தில் இந்தத் தொற்று இருந்தால் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, பனிக்குடம் முன்னதாக உடைதல் ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது. பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் பரவலாம். நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனை வழக்கமாகச் செய்கிறார்கள். கிளமீடியா அதில் சேராது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் நாமே கேட்க வேண்டும், கூச்சப்படாமல். சிறுநீரிலோ, பெண்ணே பஞ்சுக்குச்சியால் எடுத்துத் தரும் மாதிரியிலோ கண்டுபிடித்துவிடலாம். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள், டாக்சிசைக்ளின் தவிர்ப்பார்கள். சுமார் 4 வாரம் கழித்து மறுபரிசோதனை.

கணவரும் அதே நேரத்தில் மருந்து எடுக்க வேண்டும், ஒரு வாரம் உறவு கூடாது. அவர் எடுக்காவிட்டால் மனைவிக்குத் தொற்று திரும்ப வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் குழாய் கெடும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும்.