‘ஏதாவது பாராமெடிக்கல்’ என்று ஒரு படிப்பு கிடையாது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையன் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். நீட் தேர்வில் நினைத்த மார்க் வரவில்லை. வந்ததிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “டாக்டர் சீட்டு இனிமே எங்க கிடைக்கப் போவுது? ஏதாவது பாராமெடிக்கல்ல சேத்து விட்டுடலாம்னு இவங்க அப்பா சொல்றாரு. நீ ஆஸ்பத்திரியிலதானே இருக்க, எது ஈஸியாக் கிடைக்கும், சொல்லேன்” என்றார்.

அந்த ‘ஏதாவது’ எனக்கு வலித்தது. வடசென்னையில் ஒரு மருத்துவமனை லேபில் 19 வருஷமாக வேலை பார்க்கிறேன். டாக்டர், நர்ஸ் இருவரையும் விட்டால் ஆஸ்பத்திரியில் மீதி இருக்கிற அத்தனை பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘பாராமெடிக்கல்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். இதில் நஷ்டப்படுவது இரண்டு பேர். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் படுத்திருக்கும் நோயாளி ஒருவர். குணத்துக்கு ஒத்து வராத படிப்பில் போய் மாட்டிக்கொள்ளும் பிள்ளை இன்னொருவர்.

எனக்கு நன்றாகத் தெரிந்த என் வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

காலை ஆறரைக்குக் கலெக்‌ஷன் கவுன்ட்டரைத் திறப்போம். வெறும் வயிற்றோடு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாங்கள் ஊசி குத்துகிறவர்கள், அவ்வளவுதான். ட்யூப் மூடிகள் பல நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊதா மூடிக்குள் இ.டி.டி.ஏ. உப்பு இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருந்தால்தான் அணுக்களை எண்ண முடியும், அதற்காக. சாம்பல் மூடியில் ஃப்ளோரைடு. உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கும், அதை அது நிறுத்தும். வெளிர்நீல மூடியில் சிட்ரேட். அதில் ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்று கோடு வரை நிரம்பியே ஆக வேண்டும். எதை முதலில் நிரப்புவது, எதைப் பிறகு நிரப்புவது என்பதற்கும் வரிசை உண்டு. ஊதா ட்யூபின் உப்பு அடுத்த ட்யூபில் கொஞ்சம் கலந்தாலே பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் காட்டும். நல்ல மனுஷனைக் காகிதத்தில் நோயாளியாக்கிவிடும். ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்காதீர்கள் என்று சொல்கிறோமே, அதுவும் பொட்டாசியம் பொய்யாக ஏறிவிடக் கூடாது என்பதற்குத்தான்.

சில வருஷம் முன்பு ஒரு நவம்பர். மழைக்காலத்தில் சென்னையில் டெங்கு பயம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காய்ச்சலோடு ஒரு பெண்மணியை ராத்திரி பத்து மணிக்குக் கொண்டு வந்தார்கள். வெளியே எடுத்த ரிப்போர்ட்டில், ரத்தம் உறைய உதவும் தட்டணு (ப்ளேட்லெட்) 22,000. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது. அவர் கணவர் வராந்தாவில் நின்று ரத்ததானம் கேட்டு ஒவ்வொருவருக்காக போன் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மெஷினும் 24,000 என்றுதான் சொன்னது, கூடவே ஓர் எச்சரிக்கைக் குறியும் போட்டது. அன்றைக்கு நைட் டியூட்டியில் இருந்தது வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருஷமான ஒரு பெண். அவள் ரிப்போர்ட்டை அனுப்பவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடின் வால் பக்கத்தைப் பார்த்தாள். தட்டணுக்கள் அங்கே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. சிலருடைய ரத்தம் இ.டி.டி.ஏ.யில் பட்டால் அப்படித்தான் ஆகும். அந்தக் கொத்துகளை மெஷினால் தட்டணு என்று எண்ண முடியாது. அவளே வார்டுக்குப் போய், இ.டி.டி.ஏ. இல்லாத வெளிர்நீல மூடி ட்யூபில் மறுபடி ரத்தம் எடுத்து வந்து உடனே ஓட்டினாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 1,60,000. டாக்டர் தட்டணு ஏற்றும் ஏற்பாட்டை நிறுத்தினார். கணவர் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார், அது நியாயம்தான். மாடியில் ஸ்லைடு பார்த்த பெண் ஒருத்தி இருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது.

லேபுக்கு வர நினைக்கும் பிள்ளைகளிடம் நான் இந்த ஒன்றைத்தான் பார்ப்பேன். மெஷின் ஒரு எண்ணைக் காட்டினால் அதை உடனே நம்பிவிடாத குணம் இருக்கிறதா? ஆட்களோடு பேசிக்கொண்டே இருக்க ஆசைப்படும் பிள்ளைக்கு எங்கள் வேலை சலித்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளை பிசியோதெரபிக்குப் போகட்டும்.

பக்கவாதம் வந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். உயிரைக் காப்பாற்றியாயிற்று. அப்புறம்தான் நீண்ட வேலை ஆரம்பிக்கிறது. பிசியோதெரபிஸ்ட் அவரை உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்க வைக்கிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று ஒருவர் வருவார். சட்டைப் பித்தானை ஒரு கையால் போடுவது, இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டு போவது, வீட்டுக் குளியலறையில் எங்கே கைப்பிடி வைப்பது, இதெல்லாம் அவர் பொறுப்பு. ஸ்பீச் தெரபிஸ்ட் பேச்சுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். விழுங்கும் திறனைச் சோதிப்பதும் அவர்தான். அவர் சரி என்று சொல்வதற்கு முன்னால், பாசத்தில் ஒரு வாய் கஞ்சி ஊட்டிவிடுகிறார்கள் வீட்டுக்காரர்கள். அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அவரைக் கேட்காமல் ஊட்டாதீர்கள். வீட்டில் இப்படிப் படுத்திருப்பவர்கள் இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 2021ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் நோய் ஆதரவுச் சிகிச்சை நர்ஸும் வீட்டுக்கே வருகிறார்கள்.

மருந்தாளுநரை இன்னும் ‘கம்பவுண்டர்’ என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பி.பார்ம். நான்கு வருஷம். பார்ம்.டி. ஆறு வருஷம், இந்தியாவில் அது வந்தது 2008ல். ஒரு பெரியவர் அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்துகொண்டிருந்தார். எங்கள் கிளினிக்கல் பார்மசிஸ்ட் அவருடைய மஞ்சப்பையை வாங்கி மேஜையில் கொட்டி, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டு டாக்டர்கள் இரண்டு கம்பெனிப் பெயரில் எழுதிய ஒரே சர்க்கரை மாத்திரை. பெரியவர் இரண்டையும் தவறாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார். டாக்டரைப் பார்க்கப் போகும்போது சீட்டு மட்டும் போதாது, வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கண் விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ல் தொடங்கியது. இருநூறு வருஷம் கழித்தும் யார் என்ன செய்கிறார் என்பது நமக்குக் குழப்பம்தான். கண் டாக்டர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர், ஆபரேஷன் செய்வார். ஆப்டோமெட்ரிஸ்ட் நான்கு வருஷம் பார்வையை அளக்கப் படித்தவர், கண்ணில் நோயின் அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புவார். கடையில் கண்ணாடி செய்து கொடுப்பவர் மூன்றாவது ஆள். மனநலத்திலும் இதே கதைதான். மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார்.

எக்ஸ்ரே, சி.டி. எடுக்கும் ரேடியோகிராஃபர் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருப்பார். அவர் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அனுப்பிப் பார்ப்பார்கள். இதய அறுவையின்போது ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுபவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். அந்த நேரத்தில் நோயாளியின் ரத்த ஓட்டமே அவர் கையில். கத்தி, கத்தரி எல்லாவற்றையும் 121 டிகிரி, 134 டிகிரி நீராவியில் கிருமி நீக்கும் பிரிவு பெரும்பாலும் கண்ணில் படாத ஏதோ ஒரு மூலையில் இருக்கும். 2008ல் 108 வந்த பிறகு ஆம்புலன்ஸில் பயிற்சி பெற்ற அவசரகால மருத்துவ உதவியாளர் ஒருவர் இருக்கிறார். சிகிச்சை அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. அவரிடம் போய் “சீக்கிரம் வண்டியை எடு” என்று கத்தாமல் அவரை வேலை செய்ய விடுங்கள்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். அக்காவிடம், “முதல்ல இவன் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியைப் பாக்கட்டும்க்கா, அப்புறம் முடிவு பண்ணலாம்” என்றேன். அனுமதி வாங்கிக் கூட்டிப் போனேன். லேபில் அரை மணி நேரம் மரியாதைக்கு நின்றான். டயாலிசிஸ் பிரிவில் அவன் நகரவே இல்லை.

அங்கே மூத்த டெக்னீஷியன் அவனை முதலில் தண்ணீர் அறைக்குத்தான் கூட்டிப் போனார். ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேர டயாலிசிஸுக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர் என்று இந்த ஊரில் எது வந்தாலும், தினமும் முதல் ஷிஃப்டுக்கு முன்னால் குளோரின் இருக்கிறதா என்று அவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். குளோரின் தங்கிவிட்டால் ரத்தத்தின் சிவப்பணு உடையும். அப்புறம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியான டயலைசரைக் கையில் கொடுத்தார். ஒரு முழம்கூட இல்லாத அந்தக் குழாய்க்குள் முடி போல ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள். இழைக்குள் ரத்தம் ஒரு திசையில் போகிறது, வெளியே திரவம் எதிர்த் திசையில் வருகிறது. பையன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். அந்த நேரம் ஒரு நோயாளியின் தங்கை ஆசையாக இளநீர் வாங்கி வந்தார். டயட்டீஷியன் வாசலிலேயே நிறுத்தி, இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத்தையே பாதிக்கும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பையன் என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான்.

சம்பளத்தைப் பற்றி அவனிடம் மறைக்கவில்லை. தனியார் மருத்துவமனைகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு, நைட் டியூட்டி உண்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் யாராவது ஒருவர் வேலையில் இருந்தே ஆக வேண்டும். இந்தத் தொழில்களில் பலவற்றுக்கென்று 2021ல் தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. படிப்புக் காலம், சேர்க்கை, பதிவு எல்லாம் மாறிக்கொண்டிருப்பதால், போன வருஷம் சேர்ந்தவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் இந்த வருஷ அறிவிப்பைப் படிக்கச் சொன்னேன்.

அக்காவிடம் சொன்னது வேறு. இரண்டு வருஷம் முன்பு எங்கள் லேபில் வேலை கேட்டு வந்த ஒரு பெண்ணின் டிப்ளமோ சான்றிதழுக்கு எந்த அங்கீகாரமும் இல்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. அந்தப் பெண் கேட்காமல் விட்ட மூன்று கேள்விகளை அக்காவிடம் எழுதிக் கொடுத்தேன். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? படித்து முடித்தால் எந்தக் கவுன்சிலில் பதிவு செய்யலாம்? பயிற்சி எந்த மருத்துவமனையில், அதை இப்போதே போய்ப் பார்க்கலாமா?

அடுத்த வாரம் அக்கா ஒரு தனியார் கல்லூரிக்குப் போயிருக்கிறார். முதல் இரண்டு கேள்விக்கும் பளபளப்பான புத்தகத்தைத் திறந்து காட்டினார்களாம். மூன்றாவதற்கு, “அதெல்லாம் சேந்த பிறகு பாத்துக்கலாம்மா” என்றார்களாம். கட்டக் கொண்டு போன பணத்தோடு திரும்பி வந்துவிட்டார். பையன் அரசுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். முதல் விருப்பமாக டயாலிசிஸ் டெக்னாலஜியை எழுதியிருக்கிறான்.