மணலில் ஏன் தோற்கிறது சைடு ஸ்டாண்ட்?

"தார்ச்சாலையில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் என் எண்டுரோ பைக், காட்டுப்பாதையில் நிறுத்திவிட்டுச் சற்று நகர்ந்தால் இடப்பக்கம் சரிந்து கிடக்கிறது. ஸ்டாண்டை மாற்ற வேண்டுமா, நீளமாக்க வேண்டுமா, அல்லது எல்லாம் மண்ணின் குற்றமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். (எண்டுரோ என்பது கரட்டுப் பாதைகளுக்கென்று வடிவமைத்த பைக்.) சாலை இல்லாத இடங்களில் வண்டி ஓட்டுகிறவர்களில் இந்த எரிச்சலை அனுபவிக்காதவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான சமயங்களில் ஸ்டாண்ட் வளைவதோ உடைவதோ இல்லை; அதன் பாதத்துக்குக் கீழே உள்ள மண்தான் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் மண் அப்படி விட்டுக்கொடுக்கும் வேகத்தைக் கூட்டுவது ஸ்டாண்டின் அமைப்பே என்பதால், குற்றத்தை மண்ணின் மேல் மட்டும் சுமத்திவிட முடியாது.

சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி ஒரு முக்காலி. இரண்டு டயர்களும் ஸ்டாண்டின் பாதமும் தரையில் ஒரு முக்கோணத்தை வரைகின்றன. ஈர்ப்பு மையத்திலிருந்து வரையும் செங்குத்துக்கோடு அந்த முக்கோணத்துக்குள் விழும்வரை வண்டி கவிழாது. இது பள்ளிப் பாடம். நமக்கு வேண்டியது அடுத்த படி: எடையில் எவ்வளவு பாதத்தின் மேல் இறங்குகிறது? 120 கிலோ எடையுள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், வண்டி 12 டிகிரி சாய்ந்து நிற்பதாகவும், டயர்கள் தரையைத் தொடும் கோட்டிலிருந்து பாதம் 36 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். சாய்வினால் ஈர்ப்பு மையம் அந்தக் கோட்டை விட்டு ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்திருக்கும். டயர்க் கோட்டைப் பற்றிய திருப்புத்திறன்களை (சுழற்றும் விளைவுகளை) சமன்செய்தால், பாதத்தின் பங்கு 12.5-ஐ 36-ஆல் வகுத்த அளவு, அதாவது மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 40 கிலோ.

அந்த 40 கிலோவும் ஒரு சிறிய இரும்புத் தகட்டின் வழியாகத் தரைக்குப் போகிறது. தகட்டின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் 2 கிலோ. கரட்டுப் பாதைகளுக்காகக் காற்றைக் குறைத்த டயர் தரையை அழுத்துவது அதன் காற்றழுத்தத்தை ஒட்டிய அளவில், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோதான். வண்டியின் எடையில் பெரும்பகுதியைச் சுமக்கும் டயர்கள் மண்ணின் மேல் நிற்கும்போது, மூன்றில் ஒரு பங்கை மட்டும் சுமக்கும் பாதம் மண்ணுக்குள் இறங்குவதற்கு இதுவே காரணம்.

பாதம் இறங்கினால் வண்டி இன்னும் சாய்கிறது. சாய்ந்தால் ஈர்ப்பு மையம் மேலும் இடப்பக்கம் நகர்ந்து, பாதத்தின் மேல் விழும் சுமை கூடுகிறது. நம் எடுத்துக்காட்டில் பாதம் 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் புதைந்தாலே சாய்வு 12 டிகிரியிலிருந்து 18 டிகிரியாகிவிடும். பாதத்தின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து பாதியாக, 40 கிலோவிலிருந்து 62 கிலோவாக உயர்ந்துவிடும். அதாவது ஒவ்வொரு சென்டிமீட்டர் புதைவுக்கும் சுமை கிட்டத்தட்ட 6 கிலோ ஏறுகிறது. இந்த 6 கிலோவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மண் தன் பங்குக்கு ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 6 கிலோவுக்கு மேல் கூடுதலாகத் தாங்கினால் சரிவு எங்காவது நிற்கும். தாங்காவிட்டால் தொடங்கிய சரிவு வண்டி படுக்கும்வரை நிற்காது.

மண் எப்படித் தாங்குகிறது என்பதுதான் இந்தக் கேள்வியின் மிக அழகான பகுதி. ஒரு தகட்டை மண்ணில் அழுத்தும்போது, மண் வெறுமனே நசுங்கிக் கீழே போவதில்லை. தகட்டுக்கு நேர் கீழே ஆப்பு வடிவிலான ஒரு மண்பகுதி தகட்டோடு ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. அது தன் இருபுறமும் உள்ள மண்ணைப் பக்கவாட்டில் தள்ள, தள்ளப்பட்ட மண் வளைந்த பாதையில் வழுக்கி மேல்நோக்கி எழுந்து, தகட்டைச் சுற்றி ஒரு சிறிய மேட்டை உண்டாக்குகிறது. புதைந்த ஸ்டாண்டைப் பிடுங்கிய இடத்தில் குழியைச் சுற்றி விளிம்பு தூக்கியிருப்பதைக் கவனித்தவர்கள் இதன் தடயத்தைப் பார்த்திருக்கிறார்கள். இந்த வழுக்கு வடிவத்தைக் கணித ரீதியாக முதலில் வரைந்தவர் லுட்விக் பிராண்டில். 1920-இல் உலோகங்களின் கடினத்தன்மையை ஆராயும்போது அவர் கண்டடைந்ததை, கட்டடங்களின் அஸ்திவாரத்துக்குப் பொருத்தி, எந்த மண் எவ்வளவு தாங்கும் என்னும் சூத்திரமாக 1943-இல் வகுத்துத் தந்தவர் கார்ல் டெர்சாகி. பத்து மாடிக் கட்டடத்துக்குப் பயன்படும் அதே சூத்திரம் நம் ஸ்டாண்டின் பாதத்துக்கும் பொருந்துகிறது.

களிமண்ணில் கதை எளிது. அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், வழுக்கும் தளம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு பிடிப்பு இருக்கிறது; ஒரு சதுரத் தகட்டை அது அந்தப் பிடிப்பைப் போல 6 மடங்கு அழுத்தம் வரை தாங்கும். மென்மையான ஈரக் களிமண் என்று பொறியாளர்கள் வகைப்படுத்தும் மண்ணில் மிகக் கெட்டியானதுகூட இந்தக் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 1.5 கிலோ அளவில் கைவிட்டுவிடும். நம் பாதம் 2 கிலோ அழுத்தத்தில் நிற்பதால் தோற்கிறது. பரப்பை இரட்டித்தால் அழுத்தம் 1 கிலோவாகக் குறைந்து நின்றுவிடுகிறது. மண் இன்னும் இளகியிருந்தால் பரப்பு இன்னும் அதிகம் வேண்டும், அவ்வளவுதான்.

உலர்ந்த மணல் முற்றிலும் வேறு. மணலில் ஒட்டும் தன்மை எதுவும் இல்லை; அதன் வலிமை முழுவதும் உராய்விலிருந்து வருகிறது, உராய்வு உண்டாகத் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்து அழுத்தும் ஏதோ ஒன்று வேண்டும். பாதத்தைச் சுற்றியுள்ள மணலை அப்படி அழுத்துவது எது? மேலே எழ வேண்டியிருக்கிற அந்த மணலின் சொந்த எடை மட்டுமே. எழும் மணற்பகுதியின் ஆழம் எவ்வளவு என்றால், அது பாதத்தின் அகலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. அகலமான பாதம் ஆழமான, கனமான மணலைத் தூக்க வேண்டும். குறுகிய பாதமோ மேற்பரப்பிலுள்ள மெல்லிய மணற்படலத்தை ஒதுக்கினால் போதும். ஆகவே மணலில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் எவ்வளவு தாங்கும் என்பதே பாதத்தின் அகலத்தைப் பொறுத்தது. பரப்போ அகலத்தின் இருமடியாக (வர்க்கமாக) வளர்வது. இரண்டையும் பெருக்கினால், ஒரு சதுரப் பாதத்தை மணலின் மேற்பரப்பு தாங்கும் மொத்தச் சுமை அகலத்தின் மும்மடியாக உயர்கிறது. அகலத்தை இரட்டித்தால் களிமண்ணில் 4 மடங்கு கிடைக்கும். மணலில் 8 மடங்கு!

தளர்ந்த உலர் மணலுக்குரிய வழக்கமான எண்களை இட்டுப் பார்த்தால், 4.5 சென்டிமீட்டர் பக்கம் கொண்ட நம் பாதத்தை மேற்பரப்பு ஏறத்தாழ 1 கிலோ வரை மட்டுமே தாங்குகிறது. வேண்டியதோ 40 கிலோ. புதையப் புதையச் சுற்றியுள்ள மணலின் எடை உதவிக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உதவி ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவை ஒட்டிய அளவுதான், சுமை ஏறுவது சென்டிமீட்டருக்கு 6 கிலோ. இந்தப் போட்டியில் பாதம் வெல்ல வழியே இல்லை. அதன் கீழே 15 சென்டிமீட்டர் பக்கம் கொண்ட ஒரு சதுரப் பலகையை வைத்தால், பக்கம் மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது, ஆனால் தாங்குதிறன் 37 மடங்காகிறது. மேற்பரப்பே 35 கிலோ அளவைத் தாங்கிக்கொள்ள, அதற்கு மேல் ஒவ்வொரு சென்டிமீட்டர் புதைவிலும் மணல் தரும் கூடுதல் பலம் 6 கிலோவைத் தாண்டிவிடுகிறது. வண்டி சில சென்டிமீட்டர் இறங்கி நிலைபெறுகிறது. ஒரு கை அகலப் பலகை வண்டியைக் காப்பாற்றுவதற்கும் தீப்பெட்டி அளவு பாதம் கைவிடுவதற்கும் இடையில் இருப்பது இந்த மும்மடிக் கணக்கே. (ஈரம் படிந்த மணலில் துகள்களுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிப்பதால் அது பலமடங்கு நன்றாகத் தாங்கும். ஆற்றங்கரையில் நீரோரத்து ஈர மணலை நம்பலாம், மேட்டிலுள்ள உலர் மணலை நம்பக் கூடாது.)

சக்கரங்களும் மண்ணும் சந்திக்கும் இடத்தைப் பற்றி இவ்வளவு நேர்த்தியான அறிவு இருந்தும், அதற்குரிய கவனம் ஆய்வு நிதியில் கிடைப்பதில்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம். மண்ணில் ஓடும் வண்டிகளின் அறிவியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான மீச்சிஸ்வாஃப் பெக்கர், அப்பல்லோ விண்வெளி வீரர்கள் நிலவில் ஓட்டிய ஊர்தியின் உருவாக்கத்திலும் பங்காற்றினார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 2009-இல் ஸ்பிரிட் என்னும் செவ்வாய் ஊர்தி இளகிய மண்ணில் சக்கரம் புதைந்து, மீளவே இல்லை. ராக்கெட்டுக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதியை மண்ணைப் புரிந்துகொள்ளச் செலவிட்டால், உழவு டிராக்டர் முதல் விண்வெளி ஊர்தி வரை எல்லாவற்றுக்கும் அது பயன்படும். மண்ணைப் பற்றிய ஆராய்ச்சி கவர்ச்சியற்றது என்னும் எண்ணத்தை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

வாசகர் கேட்ட மற்றொன்று, ஸ்டாண்டை நீளமாக்கலாமா என்பது. நீளமான ஸ்டாண்ட் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. எண்டுரோ வண்டிகளின் சஸ்பென்ஷன் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரை இயங்கக்கூடியது, ஸ்டாண்டோ பெரும்பாலும் சேசிஸோடு பொருத்தப்பட்டது. மூட்டை முடிச்சுகளை ஏற்றியதும் சேசிஸ் தாழ்கிறது, ஸ்டாண்டின் நீளம் மாறுவதில்லை. ஸ்டாண்ட் இருக்கும் இடம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால் நம் எடுத்துக்காட்டு வண்டியின் சாய்வு 12 டிகிரியிலிருந்து 4 டிகிரியாகச் சுருங்கிவிடும். ஈர்ப்பு மையம் டயர்க் கோட்டிலிருந்து 4 சென்டிமீட்டர்தான் இடப்பக்கம் இருக்கும். ஒரு காற்றடிப்போ, வலப்பக்கம் சற்றே சரிந்த தரையோ வண்டியை வலப்பக்கமாகத் தள்ளிவிடப் போதும். பாதத்தின் கீழே கல் வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். கெட்டியான தரையில் 5 சென்டிமீட்டர் தடிமனான கல்லை வைப்பதும் ஸ்டாண்டை அவ்வளவு நீட்டுவதும் ஒன்றே. தேவை அகலம், தடிமன் அல்ல. சஸ்பென்ஷனைத் தாழ்த்தி அமைத்துக்கொள்பவர்கள் ஸ்டாண்டையும் அதற்கேற்ப வெட்டிக் குறைக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

அப்படியானால் தயாரிப்பாளர்களே பெரிய பாதத்தைப் பொருத்தித் தரலாமே என்று கேட்கத் தோன்றும். அதில் சிக்கல் இருக்கிறது. மடக்கிய ஸ்டாண்டை மேலே பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங். ஸ்டாண்டை மடக்கும்போது ஸ்பிரிங்கின் இழுவைக்கோடு, ஸ்டாண்ட் சுழலும் போல்ட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவுகிறது. அதனால் ஒரே ஸ்பிரிங் விரித்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் பிடித்து நிறுத்துகிறது. வண்டி ஒரு மேட்டிலிருந்து குதித்து இறங்கும் கணத்தில், புவியீர்ப்பைப் போலப் பல மடங்கு முடுக்கம் ஸ்டாண்டைக் கீழே உதறுகிறது. போல்ட்டிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது பாதம் என்பதால், அங்கே கூட்டும் ஒவ்வொரு கிராமும் ஸ்பிரிங்குக்கு எதிராக முழு நெம்புகோல் நீளத்தோடு வேலை செய்கிறது. பெரிய பாதம் புதரிலும் சக்கரத் தடத்தின் கரையிலும் மாட்டிக்கொள்ளும். சேற்றையும் அள்ளிச் சேர்க்கும். விரிந்த ஸ்டாண்டோடு ஓடும் ஆபத்துக்காகவே, முன்னோக்கி ஓடும் வண்டியின் ஸ்டாண்ட் தரையில் பட்டால் பின்னும் மேலுமாக மடங்க வேண்டும் என்று அமெரிக்க விதி கட்டளையிடுகிறது. எஞ்சினை நிறுத்தும் ஸ்டாண்ட் சுவிட்சும் இதே ஆபத்துக்காக வந்ததுதான். ஆனால் சேறும் நீரும் அதற்குள் புகுந்தால், ஸ்டாண்ட் மடங்கியிருந்தும் எஞ்சின் நின்றுவிடும். மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளில் ஸ்டாண்டே கிடையாது. சக்கர அச்சின் துளையில் செருகும் முக்கோணச் சட்டத்தின் மேல் அவற்றைச் சாய்த்து வைக்கிறார்கள்.

எடை, உயரம், சஸ்பென்ஷன் இயக்கம் என எல்லாவற்றையும் விவரப்பட்டியலில் அச்சிடும் தயாரிப்பாளர்கள், பாதத்தின் பரப்பையும் அதன்மேல் இறங்கும் சுமையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அதுவரை வாசகர் ஸ்டாண்டைத் தொடாமல் விட்டுவிட்டு, மெல்லிய ஆனால் வளையாத ஒரு பலகையையோ தகட்டையோ பையில் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு துளையிட்டு நீளமான கயிறு கட்டினால், வண்டியில் ஏறி நிமிர்த்திய பிறகு இருக்கையிலிருந்தபடியே இழுத்து எடுத்துக்கொள்ள முடியும். சரிவில் நிறுத்தும்போது வண்டியின் முகம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும், கியர் முதலாவதில் இருக்க வேண்டும். ஸ்டாண்ட் பின்னோக்கி மடங்குவதால், வண்டி ஒரு சாண் முன்னால் உருண்டால்கூட எவ்வளவு அகலமான பலகையும் உதவாது.