ஹெட்லைட் மங்கலா? புது பல்பு வாங்கும் முன்

ஹெட்லைட் மங்கல் என்று பட்டறைக்கு வரும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் பெரும்பாலும் புது பல்புதான் மாட்டியிருக்கும். சிலர் 60/55 வாட் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55) இருந்த இடத்தில் 100/90 வாட்டே போட்டிருப்பார்கள். வெளிச்சம் கூடியிருக்காது, ஹோல்டர் மட்டும் உருகியிருக்கும். பல்புக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே விரயமாகும்போது எந்தப் பல்பைப் போட்டு என்ன பயன்?

பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மின் ஸ்விட்ச், கிடையாது. இரண்டு 55 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் இழுக்கும் 9 ஆம்பியருக்கு மேலான மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு ஸ்விட்ச், ஹை-லோ மாற்றும் டிப் ஸ்விட்ச் வழியாகவே போகும். வருஷக்கணக்கில் அந்த காண்டாக்டுகள் கருகும், கனெக்டர்கள் களிம்பேறும். பல்புக்கு வரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும், ஆனால் லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு கனெக்டரில் மீட்டரை வைத்து, "12 வோல்ட் வருதே" என்பார்கள். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். பல்பு மாட்டினால்தான் குட்டு வெளிப்படும்.

எஞ்சினை ஓடவிட்டு லைட்டைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், இன்னொரு முனை பல்பு கனெக்டரின் பின்புறம் லைவ் ஒயரில். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அப்படியே ஃபியூஸ் பாக்ஸ், ஸ்விட்சின் உள்வழி, வெளிவழி என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வாருங்கள். எங்கே அளவு சட்டென்று ஏறுகிறதோ, பழுது அங்கே. ஒரு எச்சரிக்கை: டொயோட்டா லேண்ட் க்ரூசரின் சில பழைய மாடல்களில் பல்புக்கு பாசிட்டிவ் நேராக வந்துவிடும், ஸ்விட்ச் எர்த் பக்கம், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பக்கம் இருக்கும். வயரிங் படம் பார்க்காமல் கை வைத்தால் தலை சுற்றும்.

எர்த் பக்கத்தையும் இதேபோல் அளக்க வேண்டும். சேறு, தண்ணீர் என்று ஓடும் வண்டிகளில் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான். லோ பீமில் ஒரு பக்கம் மங்கி, டேஷ்போர்டில் ஹை பீம் விளக்கும் லேசாக மினுங்கினால் எர்த் போயிருக்கிறது. மின்சாரம் பல்புக்குள் இருக்கும் ஹை பீம் ஃபிலமென்ட் வழியாகச் சுற்றிப் போகிறது. லேண்ட் ரோவர் டிஃபென்டர் போன்ற அலுமினிய பாடி வண்டிகளில் இரும்பு போல்ட் சேரும் இடம் தானாகவே அரித்துப்போகும். சுரண்டி மாட்டலாம். என்னைக் கேட்டால், பேட்டரி நெகட்டிவிலிருந்து தனி ஒயரே இழுத்துவிடுவேன்.

லோ பீம் இரண்டு பக்கமும் செத்து ஹை பீம் மட்டும் எரிந்தால் டிப் ஸ்விட்சைப் பாருங்கள். பல்பு அடிக்கடி ஃபியூஸ் போகிறதா? சார்ஜிங் வோல்டேஜ் 15-ஐ நெருங்குகிறதா என்று பாருங்கள். மாற்றிய ஃபியூஸ் மறுபடி போனால் எங்கோ ஒயர் உரசுகிறது. அதற்காகப் பெரிய ஃபியூஸ் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்புறம் ஒயரே எரியும்.

நிரந்தரத் தீர்வு இரண்டு ரிலே, லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு, 87-ஆம் எண் முனையிலிருந்து பல்புக்கு. சாதாரண பாசிட்டிவ் ஸ்விட்ச் வண்டியில் பழைய ஹெட்லைட் ஒயரை 86-க்கும், எர்த்தை 85-க்கும் கொடுத்தால் போதும். உருகிய ஹோல்டரை வெட்டி எறிந்துவிட்டு செராமிக் ஹோல்டர் போடுங்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது.

வேலை முடிந்ததும் ஒளி எந்த உயரத்தில் விழுகிறது என்று சுவரில் அடித்துப் பாருங்கள். மங்கலாக இருந்த நாளில் யாராவது ஸ்க்ரூவைத் திருகி ஒளியை மேலே தூக்கி வைத்திருப்பார்கள். இப்போது அது எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.